உயிரோடிருக்கையில் பங்கிடுதல்: பெற்றோர்–மைந்தர் பிணைப்பு பற்றிய ஒரு விளக்கம்

பெற்றோருக்கும் மைந்தருக்கும் இடையேயுள்ள பிணைப்பைப் பற்றி நம் ஆலயங்களில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகின்றது. அன்பு, கீழ்ப்படிதல், நன்றியறிதல் ஆகிய சொற்கள் அங்கே தவறாது ஒலிக்கின்றன. ஆயினும், அப்பிணைப்பு கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் ஒன்றைப் பற்றி நாம் பேசுவது அரிது. அவ்விடம் பத்திரப்பதிவு அலுவலகமாகும். வயது முதிர்ந்த தகப்பனோ தாயோ, தம் பெயரிலுள்ள வீட்டையும் மனையையும் மகன் பெயருக்கு எழுதிக் கைநாட்டோ கையொப்பமோ இடுகின்ற நாளில், இருவருக்கும் இடையேயுள்ள உறவின் அமைப்பே மாறிவிடுகின்றது. அதுவரை கொடுக்கிறவராக இருந்தவர் அன்று முதல் பெறுகிறவராகிவிடுகிறார்.

பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே தம் உடைமையை மைந்தருக்குப் பங்கிடுவது தகுமா? தகுமெனில், எம்முறையில் பங்கிடவேண்டும்? இக்கேள்வியைத் திருமறையின் வெளிச்சத்திலும், நம் நாட்டுச் சட்டத்தின் வெளிச்சத்திலும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயர்களும் இறையியல் மாணவரும் இதனைச் சட்டத்தரணிகளின் காரியமென்று ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில், பத்திரம் எழுதுமுன் பல பெற்றோர் ஆலோசனை கேட்பது தம் ஆயரிடமே. எழுதியபின் கண்ணீரோடு வருவதும் அவரிடமே.

1. வயல் மனையானபோது

மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையை ஒட்டி அமைந்த ஊர் கோச்சடை. ஒருகாலத்தில் வயலும் தோப்புமாய் இருந்த இவ்வூர், இன்று மாநகராட்சிக்குள் அடங்கி, வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கிய பகுதியாகிவிட்டது. பெருநகர்களின் விளிம்பிலுள்ள ஊர்கள் பலவற்றுக்கும் நேர்ந்தது இதுவே. இம்மாற்றத்தை ஊரின் வளர்ச்சி என்று மட்டும் கொள்வதற்கில்லை. அது தகப்பன்–மகன் உறவுக்குள்ளும் புகுந்துள்ளது.

நிலம் வயலாக இருந்தவரை அது உழைப்பின் வழியாகவே தகப்பனிடமிருந்து மகனிடம் சென்றது. மகன் தகப்பனோடு உழுதான். தகப்பன் தளர்ந்தபோது பொறுப்பு சிறிது சிறிதாக மகன் கைக்கு மாறியது. அதே வயலின் நெல்லே இருவருக்கும் சோறாயிற்று. கைமாறிய நாள் இதுவென்று எவரும் குறித்து வைக்கத் தேவையிருக்கவில்லை. வயல் மனையானபின் நிலை வேறு. சென்ட் கணக்கில் விலை பேசப்படும் மனையை விற்கலாம். ஈடுவைத்து வங்கிக்கடன் பெறலாம். வெளியூரில் இருந்துகொண்டே கைமாற்றலாம். அதனை உடையவன் அதன்மேல் குடியிருக்கவேண்டியதில்லை. அதனைத் தந்தவரோடு வாழவேண்டியதுமில்லை. ஆகவே, உடைமையையும் உறவையும் ஒன்றாய்க் கட்டிவைத்திருந்த கயிறு அவிழ்ந்துபோகின்றது.

இந்நிலையில் பெரும்பாலோர் நாடுவது தான செட்டில்மென்ட் பத்திரமாகும். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வை விற்பனைப் பத்திரத்தைவிடக் குறைவு. பட்டாவும் உடனே மாற்றிக்கொள்ளலாம். மகன் வீடுகட்டக் கடனும் பெறலாம். உயில் அவ்வாறன்று. அது எழுதியவர் இறந்தபின்னரே செயற்படும். அவர் உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் பதிவான உடனே உரிமை கைமாறிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒப்பமிடும் பெற்றோர் பலர்.

2. மதுரை கண்ட ஒரு பங்கீடு

மைந்தருக்கிடையே பங்கீடு தவறிப்போனால் விளைவது யாது என்பதற்கு மதுரையின் வரலாறே ஒரு பாடமாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அந்நாட்டை ஆண்ட உடன்பிறந்த அரசர்களைப் பற்றி ஒரு செய்தி எழுதிவைத்துள்ளார். அவர்கள் தமக்குள் போருக்கு எழும்போதெல்லாம், முதிய தாய் இடையே வந்து நின்று, கையில் கத்தியை எடுத்து, அவர்களுக்குப் பாலூட்டிய தன் மார்பை அறுத்தெறிவேன் என்று சொல்லித் தடுப்பாளாம். அவள் இறந்துவிட்டால் அவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வது உறுதி என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார்.

அக்காலத்துப் பேரரசனாகிய மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என இரு மைந்தர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கூறுவதன்படி, பட்டத்தரசியின் மகனாகிய சுந்தரனை விட்டு வீரனுக்கே தந்தை ஆதரவு காட்டினார். அதனால் சினங்கொண்ட சுந்தரன் 1310இல் தந்தையையே கொன்றான். உடன்பிறந்தார் போர் மூண்டது. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தபோது, ஒன்றுபட்டு எதிர்நிற்கப் பாண்டிய நாட்டில் ஆளில்லை.

இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குவோமானால் ஓர் உண்மை புலனாகும். தாயின் கண்ணீரை மட்டுமே நம்பி நிற்கும் சமாதானம் தாயின் ஆயுளளவே நிற்கும். தந்தையின் பாரபட்சமோ அந்த ஆயுள்வரைகூடக் காத்திராது. அன்பு இருந்தால் போதும், முறை வேண்டியதில்லை என்னும் எண்ணம் அரச குடும்பத்திலும் தோற்றது. நம் இல்லங்களிலும் தோற்கின்றது. உபாகமம் 21:15–17 இதனை முன்னரே கண்டு, விருப்பமான மனைவியின் மகனுக்காக மூத்தவனின் உரிமையைத் தகப்பன் மாற்றலாகாது என விதிக்கின்றது. பங்கீட்டில் தகப்பனின் மனச்சாய்வுக்கு இடமளிக்காமல் நியாயத்தை நிறுத்துகின்றது அந்தப் பிரமாணம்.

3. லூக்கா 15: கொடுத்தும் தகப்பனாய் நிலைத்தவர்

உயிரோடிருக்கையில் பங்கிட்ட தகப்பன் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் லூக்கா 15ஆம் அதிகாரத்துத் தகப்பனே. இவ்வுவமையைப் பாவியின் மனந்திரும்புதலாகவே நாம் பெரும்பாலும் விளக்குகிறோம். அதில் ஒரு சொத்துப் பங்கீடும் உண்டு என்பதை எளிதில் கடந்துவிடுகிறோம்.

உபாகமப் பிரமாணத்தின்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஆகவே இரு மைந்தர் உள்ள வீட்டில் இளையவனுக்கு உரியது மூன்றில் ஒரு பங்கு. தகப்பன் பங்கிட்டதைக் கூறும் 12ஆம் வசனத்தில் லூக்கா கையாளும் கிரேக்கச் சொல் ‘பியோஸ்’ என்பது. உயிர்வாழ்வு, பிழைப்பு என்பன அதன் பொருள். தகப்பன் பிரித்துக் கொடுத்தது வெறும் ஆஸ்தியன்று. தம் பிழைப்பையே பிரித்துக் கொடுத்தார். அவ்வசனம் இன்னொன்றையும் சொல்கின்றது: அவர் இளையவனுக்கு மட்டுமல்ல, இருவருக்குமே பங்கிட்டார்.

யூத மரபில் இத்தகைய பங்கீட்டுக்கு ஒரு முறை இருந்தது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் பாபா பத்ரா என்னும் பகுதி அதனை விளக்குகின்றது. உயிரோடிருக்கும் தகப்பன் தன் நிலத்தை மகனுக்கு எழுதும்போது, இன்று முதல் எனவும் தன் மரணத்துக்குப் பின் எனவும் இரண்டையும் சேர்த்து எழுதவேண்டும். அதன் விளைவு யாதெனில், நிலம் மகனுக்கு எழுதப்பட்டுவிட்டதால் தகப்பன் அதை விற்க இயலாது. அனுபவம் தகப்பனிடம் இருப்பதால் மகனும் அவர் வாழும்வரை அதைத் தன் கைக்குக் கொண்டுவர இயலாது. உரிமை மகனுக்கு; விளைச்சல் தகப்பனுக்கு. தொகுப்பு லூக்காவுக்குப் பிற்பட்டதாயினும், உவமையின் பின்னணியை உணர இம்முறை துணைசெய்கின்றது.

இதன் வெளிச்சத்தில் உவமையை மீண்டும் படித்தால் இரண்டு காரியங்கள் தெளிவாகின்றன. ஒன்று, இளையவன் தன் பங்கை அப்போதே காசாக்கிக்கொண்டு போனான். தகப்பனின் முதுமைக்குரிய ஆதாரத்தில் ஒரு பகுதியை அவன் கொண்டுபோய்விட்டான். மற்றொன்று, மூத்தவனுக்கும் பங்கு எழுதப்பட்டிருந்தும் வீட்டின் ஆட்சி தகப்பனிடமே இருந்தது. கொழுத்த கன்றை அடிக்கச் சொன்னவர் தகப்பன். அங்கியும் மோதிரமும் எடுத்துவரச் சொன்னவர் தகப்பன். ஊழியக்காரர் கேட்டது தகப்பனின் சொல்லை. தமக்குள்ளதெல்லாம் மூத்தவனுடையது என்று சொல்லக்கூடியவராயும், விருந்து செய்யக்கூடியவராயும் அவர் ஒருங்கே இருந்தார்.

தகப்பன் அன்று அனைத்தையும் இருவருக்கும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திண்ணையில் அமர்ந்திருந்தால் நிகழ்ந்திருப்பது என்ன? இளையவன் திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருப்பவன் மூத்தவனே. தழுவுவதற்குத் தகப்பனுக்குக் கைகள் இருந்திருக்கும். ஆனால் அழைத்துச் செல்ல வீடு இருந்திராது. பெற்றோர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் இடம் சுயநலத்தின் இடமன்று. வழிதவறிய மைந்தன் திரும்பி வருவதற்குரிய இடமும் அதுவே. பெற்றோரின் உரிமையைக் காப்பது மைந்தரைக் காப்பதுமாகும் என்பதையே இவ்வுவமை நமக்கு உணர்த்துகின்றது.

சீராக்கின் ஞானநூல், நம் சபைகளில் திருமறை நூல்களின் வரிசையில் எண்ணப்படாவிடினும், இதனை 33ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே கூறுகின்றது. உயிரோடிருக்குமட்டும் தன்மேல் மகனுக்கோ பிறருக்கோ அதிகாரம் கொடுக்கலாகாது எனவும், மைந்தர் தன்னிடம் கேட்பது தான் மைந்தரின் கையை எதிர்நோக்குவதைவிட நன்று எனவும், பங்கிடுதலை வாழ்நாளின் முடிவுக்கு வைக்கவேண்டும் எனவும் அந்நூல் புத்தி சொல்கின்றது. அதே நூலின் 3ஆம் அதிகாரம், தகப்பனின் அறிவு தளர்ந்தாலும் மகன் அவரை மதித்துப் பொறுத்துக்கொள்ளவேண்டும் எனப் போதிக்கின்றது என்பதும் மறக்கலாகாது. பெற்றோருக்கு எச்சரிக்கையும் மைந்தருக்குக் கடமையும் ஒரே ஆசிரியரிடம் அருகருகே நிற்கின்றன.

4. கனம்பண்ணுதல் என்பது யாது?

ஐந்தாம் கட்டளை (லுத்தரன் சபையார் எண்ணிக்கையில் நான்காம் கட்டளை) சிறுவருக்குரியதென நாம் ஓய்வுநாள் பள்ளியோடு நிறுத்திவிடுகிறோம். பத்துக் கட்டளைகளின் மற்றப் பகுதிகளை நோக்கினால் அவை வயதுவந்தோரை நோக்கியே பேசுகின்றன என்பது விளங்கும். வேலைக்காரரும் மிருகங்களும் உடையவனுக்கு, விபசாரம் செய்யக்கூடியவனுக்கு, நீதிமன்றில் சாட்சி சொல்லக்கூடியவனுக்கு அவை கொடுக்கப்பட்டன. அவ்வாறாயின், இக்கட்டளையும் முதிர்ந்த பெற்றோரையுடைய வளர்ந்த மைந்தருக்கே முதலாவது உரியது. அதனோடு இணைந்த வாக்குத்தத்தம் நிலத்தைப் பற்றியது என்பதும் கருத்தக்கது. நிலத்தில் நீடித்திருப்பதற்கும் பெற்றோரை நடத்தும் முறைக்கும் இடையே யாத்திராகமம் ஒரு பிணைப்பைக் காண்கின்றது.

எபிரேய மூலத்தில் அங்கு வரும் வினை ‘கபேத்’. அதன் வேர்ப்பொருள் பாரமாயிருத்தல். பெற்றோரைச் சபிப்பதைக் கண்டிக்கும் யாத்திராகமம் 21:17இல் வரும் வினையோ ‘இலேசாயிருத்தல்’ என்னும் வேரினின்று பிறந்தது. பெற்றோரைப் பாரமுள்ளவராக எண்ணுதல், இலேசாக எண்ணுதல் என்னும் இரு நிலைகளே எதிரெதிராக வைக்கப்படுகின்றன. நம் தமிழ்த் திருமறை இங்கே ‘கனம்’ என்னும் சொல்லைக் கையாண்டிருப்பது மிகவும் பொருத்தமானது. கனம் என்பது பெருமையுமாம், பாரமுமாம். பெற்றோர் பாரமாகிவிட்டனர் என்று முறையிடும் மகனிடம், அந்தப் பாரத்தைப் பாரமாகவே ஏற்கும்படிதான் கட்டளை சொல்லுகிறது என்று நாம் எடுத்துக்காட்டலாம்.

ரபீமார் இக்கட்டளையை உணர்ச்சியாக விட்டுவிடவில்லை. கனம்பண்ணுதல் என்பது உண்ணவும் பருகவும் கொடுத்தல், உடுத்துவித்தல், போர்த்துதல், வெளியே அழைத்துச்சென்று உள்ளே அழைத்துவருதல் என டால்முட் பட்டியலிடுகின்றது. இச்செலவு யாருடையது, மகனுடையதா தகப்பனுடையதா என அங்கே விவாதமும் நடக்கின்றது. செலவைப் பற்றித்தான் விவாதம்; கைகளும் நேரமும் மகனுடையவை என்பதில் விவாதமில்லை. மாதந்தோறும் வங்கிக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென எண்ணும் மைந்தருக்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

5. நம் நாட்டுச் சட்டம் கூறுவது

தன்னைத் தானே பராமரிக்க இயலாத பெற்றோர் ஜீவனாம்சம் கோரும் உரிமையை 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு எல்லா மதத்தினருக்கும் வழங்கியது. இன்று அவ்விடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நிற்கின்றது. பெற்றோரைத் தாங்கும் கடமை மகனுக்கு மட்டுமன்று, திருமணமான மகளுக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது.

இவற்றைவிட எளிய வழியை, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 திறந்தது. தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயத்திற்குத் தலைமை வகிப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கப்படலாம். மூத்த குடிமகனைக் கைவிடும் நோக்கத்தோடு விட்டுச்செல்வது 24ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நம் பொருளுக்கு முதன்மையானது 23ஆம் பிரிவு. மூத்த குடிமகன் ஒருவர், தமக்கு அடிப்படைத் தேவைகளை அளிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு, இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தம் சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் அந்நிபந்தனையை நிறைவேற்றத் தவறினால், அப்பத்திரம் வஞ்சனையால் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். அதனை ரத்துசெய்யத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு.

இங்கே இடர் ஒன்று உண்டு. செட்டில்மென்ட் பத்திரங்களில் வழக்கமாய் எழுதப்படும் காரணம் அன்பும் பிரியமும் என்பதே. நிபந்தனை எழுதப்படுவதில்லை. நிபந்தனை இருந்ததென நிறுவப்படாவிடில் 23ஆம் பிரிவு பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாயொருவரின் வழக்கில், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரிவாகப் பொருள்கொள்ளவேண்டும் என்று கூறி, மகனுக்கு அவர் எழுதிய தானத்தை ரத்துசெய்தது. ஆனால் அவ்வழக்கில் மகன் பராமரிப்பதாக எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் இருந்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அன்பும் பிரியமும் என்பதே மறைமுகமான நிபந்தனைதான் எனக் கொண்டது. தீர்ப்புகள் இவ்வாறு பல திசையில் நிற்கையில், முதியோர் தம் இறுதிக்காலத்தை வழக்கில் கழிக்காதிருக்கச் சிறந்த வழி, ஒரு வாக்கியத்தை முன்னரே தெளிவாக எழுதிக்கொள்வதாகும். ஆயுட்காலம் முழுவதும் அவ்வீட்டில் வாழவும் அதன் வருமானத்தை அனுபவிக்கவும் தமக்கு உரிமை உண்டு எனவும், மகன் தம்மைப் பராமரிக்கவேண்டும் எனவும் பெற்றோர் எழுதிவைக்கலாம். மிஷ்னா சொன்ன முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் அறியவேண்டிய வேறொன்றும் உண்டு. நமக்குப் பொருந்துவது இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. இதன்படி தகப்பனின் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் உரிமை இல்லை. உயில் இன்றித் தகப்பன் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அன்றியும், உயில் எழுதாத மகன் பெற்றோருக்கு முன்பே இறந்து, அவனுக்கு மனைவியும் மக்களும் இருப்பின், 33ஆம் பிரிவின்படி மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும் இரு பங்கு மக்களுக்கும் செல்லும். அவனைப் பெற்ற தாய்க்கு ஒன்றுமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 தாயை முதல் வகுப்பு வாரிசாக வைத்திருக்கின்றது. நமது சட்டம் அவ்வாறு வைக்கவில்லை. தன் சொத்தையெல்லாம் மகனுக்கு எழுதிக்கொடுத்த கைம்பெண் தாய், மகனை இழந்த நாளிலேயே தன் வீட்டையும் இழக்கக்கூடும். ஆகவே உயில் எழுதவேண்டியவர் பெற்றோர் மட்டுமல்லர்; மைந்தனும் எழுதவேண்டும். திருமணத்திற்கு முன் அவன் எழுதிய உயில், 69ஆம் பிரிவின்படி, திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதையும் அவனுக்குச் சொல்லவேண்டும்.

6. பெற்றோருக்குரிய மறுபக்கம்

மேற்கூறியவற்றால் பெற்றோர் தம் உடைமையை மைந்தரைக் கட்டியிழுக்கும் கயிறாகப் பயன்படுத்தலாம் என எவரும் கருதலாகாது. பிள்ளைகள் பெற்றோருக்குச் சேர்த்துவைக்கவேண்டியதில்லை, பெற்றோரே பிள்ளைகளுக்குச் சேர்க்கவேண்டும் எனப் பவுல் 2 கொரிந்தியர் 12:14இல் உவமையாகக் கூறுகிறார். மகனைப் படிக்கவைத்த செலவை வட்டியோடு கணக்கிடுவதும், உயிலை மாற்றிவிடுவேன் என நாள்தோறும் மிரட்டுவதும், மருமகளை விரட்டும் ஆயுதமாகச் சொத்தைக் கையாள்வதும், பிள்ளைகளைக் கோபப்படுத்துதல் என எபேசியர் 6:4 தடுக்கும் செயல்களே. மகளுக்குச் சீர் கொடுத்தாயிற்று, ஆகவே பங்கில்லை என்பதும் பாரபட்சமே. நிபந்தனை எழுதுவது ஒருமுறை செய்து மறந்துவிடவேண்டிய காரியம். அதனை அன்றாடம் நினைப்பூட்டினால், லூக்கா 15இன் மூத்தவனைப்போல, மகன் வீட்டிலிருந்துகொண்டே தன்னை அடிமையாக எண்ணத் தொடங்குவான்.

7. ஆயரின் பணி

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்தது கடவுளுக்கென்று நேர்ந்த பொருளைக் காட்டிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைத் தவிர்த்த வழக்கத்தையே. கொர்பான் என்பது சமயத்தின் பெயரால் நிகழ்ந்த கைவிடுதல். கோவில் கட்டட நிதிக்குத் தாராளமாய்க் கொடுத்து, கல்லில் பெயர் பொறிக்கப்பெறும் மைந்தனின் தாய், அதே சபையின் ஏழையர் நிதியை நம்பியிருப்பாளானால், அக்காணிக்கையைக் குறித்து நாம் கேள்வி எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம். தம் வீட்டாரைத் தாங்குவோர் இருக்கையில் அச்சுமை சபையின்மேல் விழலாகாது என 1 தீமோத்தேயு 5 கட்டளையிடுகின்றது. கொடையாளி கோபிப்பாரே என்று ஆயர் வாய்மூடியிருப்பது எளிது. அம்மௌனத்தின் விலையைச் செலுத்துபவள் அந்தத் தாய்.

ஆகவே ஆயர் செய்யத்தக்கவை சில உண்டு. பத்திரம் எழுதுமுன் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோரிடம், செட்டில்மென்ட்டுக்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச்சொல்லி, நல்ல வழக்கறிஞரிடம் அனுப்பவேண்டும். மைந்தரையும் மக்களையும் ஒருங்கே அமர்த்தி, பங்கீட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேச வைக்கவேண்டும். நிபந்தனை எழுதச்சொன்னால் மகன் மனம் நோகுமே எனத் தயங்கும் தாயிடம், திருமணத்தில் அன்புள்ள இருவர் சாட்சிகள் முன் உடன்படிக்கை செய்து பதிவேட்டில் ஒப்பமிடுவதை நினைவூட்டலாம். அங்கே உடன்படிக்கை அன்பின்மேல் கொண்ட ஐயத்தைக் காட்டுவதில்லை. அன்பு தளரும் நாளிலும் அது காக்கும். இஸ்ரவேலை மகனென்று அழைத்த தேவனும் அம்மகனோடு உடன்படிக்கை செய்தார்; அதனை எழுதியும் கொடுத்தார்.

சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாய்க்கு ஓர் இல்லத்தை ஏற்படுத்திவிட்டே ஆண்டவர் தம் ஆவியை ஒப்புக்கொடுத்தார் என யோவான் கூறுகிறார். தாயை நேசிக்கிறேன் என்று சொல்லியதோடு அவர் நிற்கவில்லை. அவள் எந்த வீட்டில் இருப்பாள் என்பதையும் முடிவு செய்தார். நம் சபைகளிலுள்ள மைந்தரும் அவ்வளவாவது செய்யவேண்டும். அதனைச் செய்யும்படி அவர்களுக்குக் கற்பிப்பது நம் கடமை.